காந்தல்

நாள் முழுக்க எடை போடுகிறவன் நான்.
சமாதானபுரம் ரேஷன் கடை.
மூட்டை இறங்கும்போது ஒரு எடை,
கார்டுக்கு அளக்கும்போது ஒரு எடை,
நடுவில் காணாமல் போகிற அரைக்கிலோவுக்குப்
பதில் சொல்லியே தலை நரைத்துவிட்டது.

அன்றைக்கு மழை இருட்டு.
டியூஷன் முடிந்து பெர்சிஸ் வீட்டுச் சாவி வாங்க வந்தாள்.
நான் உள்ளே, சாக்குகளுக்குப் பின்னால்,
இருப்புப் புத்தகத்தில் குனிந்திருந்தேன்.
கடையில் ஆள் இல்லை என்று நினைத்திருப்பாள்.
பையை இறக்கி வைத்தாள்.
செருப்பைக் கழற்றினாள்.
பிறகு வாட்சையும்.
மூட்டை எடை பார்க்கும் தராசின்மேல் ஏறி நின்றாள்.
சிவப்பு எண்கள் துடித்து அடங்கின.
மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு
இன்னொரு தடவை பார்த்தாள்.

அறிவியலில் வகுப்பிலேயே முதல் பிள்ளை.
மூச்சுக்கு எவ்வளவு எடை என்று
அவளுக்குத் தெரியாதா.

நான் இருமவில்லை.
அவள் இறங்கி, வாசலுக்குப் போய்,
இப்போதுதான் வந்தவள்போல
"அப்பா" என்று கூப்பிடும்வரை
அசையவும் இல்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.
போனபடியே திரும்பி வரும் டிபன் டப்பா.
"ஹெலன் வீட்ல சாப்ட்டேன்மா."
ஜெபத்துக்கு மூடிய கண்ணை
ஆமென்னுக்குப் பிறகும் திறக்காமல் இருப்பது.
அதற்கெல்லாம் முன்னால்,
கிறிஸ்துமஸுக்கு மறுநாள்,
சொந்தக்காரர்கள் நிறைந்த ஹாலில்
காலி முறுக்கு டப்பாவைத் தலைகீழாகத் தட்டிக் காட்டி
"இவளுக்கு அடுத்த வருசம்
துணி ரெண்டு மீட்டர் கூட எடுக்கணும்ல" என்றவன்
நான்தான்.
எல்லாரும் சிரித்தார்கள்.
அவளும் சிரித்தாள்.

ஜெயராணி ஹைகிரவுண்டில் நர்ஸ்.
சொன்னதும் திட்டவில்லை,
திட்டியிருக்கலாம்.
"அவ தட்டப் பாக்காதீங்க" என்றாள்.
"தட்டத் தவிர எதை வேணாலும் பாருங்க."
சனிக்கிழமை மகளை ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள்.
என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

எட்டரைக்கு நாலு பேரும் உட்காருகிறோம்.
போன்கள் ஃப்ரிட்ஜ் மேல்.
ஜோயல் ஜங்ஷன் பஸ்ஸில் நடந்த சண்டையை
ஆள் மாற்றி ஆள் நடித்துக் காட்டுவான்.
நான் டியூப்லைட் பல்லியைப் பார்ப்பேன்.
அதற்கு வால் முளைத்துக்கொண்டிருப்பது
இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் அரைக் கரண்டிக்கே "போதும்" என்பாள்.
கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொள்வேன்.
திருநெல்வேலிக்காரனுக்கு அது லேசான காரியம் இல்லை.
போதும் என்று கை மறித்த பிறகு
இன்னும் ரெண்டு கரண்டி விழாவிட்டால்
கல்யாண வீட்டிலேயே கோபித்துக்கொண்டு போகிற ஊர்.

போன வெள்ளி உளுந்தஞ்சோறு.
துவையல் என் பொறுப்பு.
எள்ளைக் கருக விட்டுவிட்டேன்.
பெர்சிஸ் விரல் நுனியில் தொட்டு நக்கி
"துவையல் இல்லப்பா இது, கசாயம்" என்றாள்.
ஜெயராணிக்குச் சிரிப்பில் புரையேறியது.

பாத்திரம் கழுவும்போது
பக்கத்தில் போய் நின்றேன்.
கடையில் ஒத்திகை பார்த்த வாக்கியம் வரவில்லை.
"அன்னைக்கி அந்த முறுக்கு...
நா சொன்னது தப்பு."
"எந்த முறுக்கு?" என்றாள்.
ஒரு தட்டு கழுவினாள். இன்னொரு தட்டு.
குழாயை மூடிவிட்டு,
"ஏழுதான்" என்றாள்.
"டப்பால ஏழுதாம்ப்பா இருந்துச்சு."

அத்தனை மாதமும்
கணக்கு வைத்திருந்தது
தராசு மட்டும் இல்லை.

இன்றைக்கும் உளுந்தஞ்சோறு, அவள் கேட்டு.
நான் பல்லியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
"ஏல, காந்தல் எனக்கு."
"போ, நீ போன வாரம் எடுத்த."
"பாதி."
"பாதில்லாம் கெடயாது."
சட்டி அடியில் கரண்டி சுரண்டும் சத்தம்.
ரொம்ப நேரம்.
திரும்பிப் பார்த்தபோது
எனக்கு ஒரு துண்டுகூட
மிச்சம் வைக்கவில்லை, பாவிகள்.